மன்றக் கூட்டத்தில் மக்களின் குரல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மாநகராட்சி, நகராட்சி மன்றக் கூட்டங்களை இணையத்தில் நேரலையாகக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அந்தக் கோரிக்கையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆயினும் அதோடு நாம் நிறைவடைந்துவிடக் கூடாது. பார்வையாளர் மாடத்தில் அமர்பவர் வாய் திறக்க இடமில்லாத மன்றத்தில், தீர்மானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டு 'ஆல் பாஸ்' என்ற குரல்களுக்கிடையே நிறைவேறுவதை, மாடத்திலிருந்து பார்த்தால் என்ன, கைப்பேசியில் பார்த்தால் என்ன? இரண்டு இடத்திலும் அவர் வேடிக்கை பார்ப்பவரே.

கலிபோர்னியாவில் 1953இல் இயற்றப்பட்டு, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட பிரவுன் சட்டத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அங்கே ஒரு நகர மன்றம் வழக்கமான கூட்டத்தை நடத்துமானால், அதன் பொருள் நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். நிரலில் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும், மன்றம் முடிவெடுப்பதற்கு முன்னால், வந்திருக்கும் எவரும் பேச வாய்ப்பளிக்க வேண்டும். 'முடிவெடுப்பதற்கு முன்னால்' என்பதில்தான் அந்தச் சட்டத்தின் உயிர் இருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கொடுக்கும் மனு கோப்பில் சேருமே தவிர, முடிவை மாற்றாது.

நம்மிடம் அப்படியொரு வாய்ப்பே இல்லையா என்றால், இருக்கிறது. நாம்தான் அதை அறியாமல் இருக்கிறோம். கிராம சபைக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே இடம் உண்டு. நகரங்களுக்கான 74ஆவது திருத்தமோ, 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள ஊர்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்பதோடு நின்றுவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட வார்டுகளைச் சேர்த்தும் அக்குழுவை அமைக்கலாம் என்று அது இடம் கொடுத்ததால், சென்னையில் அது கவுன்சிலர்கள் மட்டுமே கூடும் மண்டலக் குழுவாகிவிட்டது. ஒவ்வொரு வார்டிலும், பகுதிவாரியாக வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபை அமைப்பதற்கான தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 2010இல் வந்தும், அதற்கான விதிகள் 2022இல்தான் வெளியாயின. இடையில் 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லாமல், தனி அலுவலர்களின் கீழ் நம் நகரங்கள் நிர்வகிக்கப்பட்டன என்பதையும் மறந்துவிட வேண்டாம். இன்று அந்தப் பகுதியின் வாக்காளர் எவரும் பகுதி சபையில் எழுந்து நின்று தெருவிளக்கைப் பற்றியும் கழிவுநீர்க் கால்வாயைப் பற்றியும் கேட்கலாம். கேட்பதற்கு யார் வருகிறார்கள் என்பதே என் கவலை. வேலை நாளில் கூட்டம் கூடினால் தினக்கூலிக்குப் போகிறவர் வர முடியாது. மாலையில் கூடினால் கைக்குழந்தை வைத்திருப்பவர் வர முடியாது. மாடிப்படி ஏற முடியாத மாற்றுத்திறனாளியோ எந்த நேரத்திலும் வர முடியாது. தொலைவிலிருந்து பங்கேற்பது என்பது இவர்களுக்காகத்தான் முதலில் வேண்டும்.

அதைச் சலுகையாகக் கொடுத்தால் சலுகையாகவே பறிபோகும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் முதல் அங்குள்ள உள்ளாட்சி மன்றங்கள் காணொளி வழியாகக் கூடத் தற்காலிக விதி அனுமதித்தது. 2020 டிசம்பரில் செஷயரின் ஹேண்ட்ஃபோர்த் என்ற சிற்றூரில் அப்படி நடந்த கூட்டத்தில் உறுப்பினர்கள் சண்டையிட்டுக்கொண்ட பதிவு இரண்டு மாதங்கள் கழித்து இணையத்தில் பரவி, லட்சக்கணக்கானோரால் பார்க்கப்பட்டது. சண்டையை ரசிக்கத்தான் பார்த்தார்கள், உண்மைதான். என்றாலும் உள்ளூர் மன்றம் எப்படி நடக்கிறது என்பதைப் பலர் கண்டது அன்றுதான். விதியின் காலம் 2021 மே 6ஆம் நாளோடு முடியவிருந்தது. பழைய சட்டமே காணொளிக் கூட்டத்துக்கு இடம் தருகிறது என்று வாதிட்டு வழக்குத் தொடர்ந்தபோது, உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றினால்தான் முடியும் என்றது. வேல்ஸ் மட்டும் அதே 2021இல் தன் சட்டத்தில் அதை நிரந்தரமாக எழுதிக்கொண்டது.

தொலைபேசியில் முகம் காட்டாமல் பேசுவோர் வசைபாட மாட்டார்களா என்று கேட்பீர்கள். பாடினார்கள். 2023இல் கலிபோர்னியாவின் சில நகர மன்றங்களில் பெயர் மறைத்து அழைத்தவர்கள் இனவெறுப்பைக் கொட்டியதால், அந்த மன்றங்கள் தொலைபேசி வழிக் கருத்தையே நிறுத்திவிட்டன. அது அவசர முடிவு என்பது என் கருத்து. நம் பகுதி சபைக்கு வாக்காளர் பட்டியல் இருக்கிறது. பேச விரும்புகிறவர் முன்னதாகப் பெயரையும் பகுதியையும் பதிந்துகொண்டு பேசட்டும். அவர் கேட்டதும் கவுன்சிலர் சொன்ன விடையும் கூட்டக் குறிப்பில் ஏறி, அடுத்த கூட்டத்தில் முதலில் வாசிக்கப்படட்டும்.

இதற்குப் பெரிய திரைகளும் கேமராக்களும் வேண்டும் என்று அலுவலர்கள் மதிப்பீடு தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். பகுதி சபை நடக்கும் கூடத்தின் ஒலிபெருக்கியோடு இணைத்த ஒரு தொலைபேசி போதும்; அதற்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டிய தேவையே இல்லை.