உரலும் சல்லடையும் ஒரு தொலைநோக்கியும்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரு பொருளைக் காட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கப் போகிறேன். என் கையில் இருப்பது ஆறன்முளாக் கண்ணாடி. கேரளத்தில் பத்தனம்திட்டா மாவட்டத்தில் வார்க்கிறார்கள். பெயர்தான் கண்ணாடி, இது முழுக்க உலோகம். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். பென்சில் முனையை மேலே வைக்கிறேன், பாருங்கள். முனையும் அதன் பிம்பமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இப்போது சாதாரணக் கண்ணாடியில் அதே பென்சில். நடுவில் சின்ன இடைவெளி தெரிகிறதா? இதில் ரசம் பின்பக்கம் பூசியிருக்கிறது. ஆறன்முளாவில் முன்பரப்பே பிம்பத்தைத் தருகிறது. தொலைநோக்கிக்கு வேண்டியது அப்படிப்பட்ட பரப்புதான்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில், ஏறக்குறைய இதே கலவையை வைத்துக்கொண்டு ஒரு அண்ணனும் தங்கையும் போராடினார்கள். வில்லியம் ஹெர்ஷல், கரோலின் ஹெர்ஷல். 'யுரேனஸ், 1781, ஹெர்ஷல்' என்று பள்ளியில் ஒரு வரியில் படித்திருப்போம். அந்த வரிக்குள் எத்தனை பேருடைய கை உழைப்பு இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

இருவரும் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர்கள். வில்லியம் பாத்தில் தேவாலய ஆர்கன் வாசிப்பவர். கரோலினுக்குப் பத்து வயதில் டைஃபஸ் காய்ச்சல் வந்து வளர்ச்சி நின்றுவிட்டது, நாலேகால் அடி உயரம்தான். ஊரில் அவரை வீட்டு வேலைக்கு என்றே வைத்திருந்தார்கள். அம்மா வேறு ஆள் வைத்துக்கொள்ள வில்லியம் பணம் தர ஒத்துக்கொண்ட பிறகுதான், 1772இல், 22 வயதில் அவரை அனுப்பினார்கள். வந்தது பாட்டுக் கற்றுக்கொள்ள.

அடுத்த வருடமே அண்ணனுக்கு வானம் பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. அவர் கேட்ட அளவில் ஆடி, அதாவது தொலைநோக்கிக்கான கண்ணாடி, விலைக்குக் கிடைக்கவில்லை, தானே செய்ய இறங்கிவிட்டார். வீட்டுக் கூடத்தில் தச்சு வேலை, படுக்கையறையில் கடைசல் இயந்திரம்!

நான் ஒரு முறை ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றைக் கையால் தேய்த்திருக்கிறேன். கார்போரண்டம் பொடி, கொஞ்சம் தண்ணீர், பத்து தடவை தேய்த்தால் ஒரு சுற்று நகர வேண்டும். முதலில் கரகரவென்று கேட்கும். பொடி மடிந்ததும் சத்தம் இறங்கி வழுவழு என்று ஆகும், அப்போது புதுப் பொடி போட வேண்டும். வாரக் கணக்கில் அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது. எனக்குப் பொடி கடையில் கிடைத்தது, நடுவில் எழுந்து போய்ச் சாப்பிடவும் முடிந்தது. வில்லியமோ கடைசி மெருகு கொடுக்கும்போது கையை எடுக்கவே மாட்டார். ஏழு அடி நீளத் தொலைநோக்கியின் ஆடி ஒன்றை முடிக்கும்போது ஒரேயடியாக 16 மணி நேரம் தேய்த்தார். கரோலின் உணவைத் துண்டு துண்டாக அண்ணன் வாயில் ஊட்டினார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அலுப்புத் தெரியாமல் இருக்கக் கதைகளும் வாசித்துக் காட்டுவாராம்.

யுரேனஸ் சிக்கியதும் ஒரு ஏழு அடித் தொலைநோக்கியில்தான். ஆடியின் விட்டம் 6.2 அங்குலம். 1781 மார்ச் 13, இரவு பத்து மணிக்கு மேல், ரிஷப ராசியில் ஸீட்டா நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பார்க்கும்போது உருப்பெருக்கம் 227. அதை 460 ஆக்கினார், 932 ஆக்கினார். நட்சத்திரம் என்றால் எவ்வளவு பெருக்கினாலும் புள்ளிதான். இதுவோ பெருக்கப் பெருக்க வட்டம் பெரிதானது. வால்மீன் என்றே முதலில் நினைத்தார். மற்றவர்கள் பாதையைக் கணக்கிட்டபோதுதான் சனிக்கு அப்பால் சுற்றும் கோள் என்று தெரிந்தது. சூரியனிலிருந்து சனி இருக்கும் தொலைவைப் போல் இரண்டு மடங்கு! இதே புள்ளியை 1690இல் ஃபிளாம்ஸ்டீட் என்ற வானியலாளர் பார்த்து, நட்சத்திரம் என்று அட்டவணையில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். 91 வருடம் கழித்து, கையால் தேய்த்த ஆடி அதை வட்டமாகக் காட்டியது.

அப்புறம் அந்த உரல். அதே 1781இல் வில்லியம் மூன்றடி அகல ஆடி வார்க்கத் துணிந்தார். அச்சு செய்யக் களிமண்ணோடு குதிரைச் சாணம் சேர்க்க வேண்டும். அதுவும் அப்படியே போட முடியாது, உரலில் இடித்து, கண் சிறுத்த சல்லடையில் சலிக்க வேண்டும். நம் வீட்டில் மாவு இடித்துச் சலிக்கிற அதே வேலை, ஆனால் மலை மாதிரிக் குவியல். கரோலின் மணிக்கணக்கில் இடித்தார். முதல் வார்ப்பில் உலோகம் ஒழுகியது, ஆறும்போது ஆடி வெடித்துவிட்டது. இரண்டாம் முறை உலையே ஒழுகி, காய்ச்சிய உலோகம் கல் பாவிய தரையில் ஓடியது. சூட்டில் கற்கள் வெடித்துக் கூரை வரை பறந்தன. எல்லாரும் ஆளுக்கொரு வாசல் பக்கம் ஓடினார்கள். வில்லியம் களைத்துப்போய்ச் செங்கல் குவியல் மேல் விழுந்தார்.

யுரேனசுக்காக அரசர் வில்லியமுக்கு வருடம் 200 பவுண்டு கொடுத்தார். 1783 டிசம்பர் 31, இருவரும் குடிபோயிருந்த டாட்செட் என்ற ஊர், தரையெல்லாம் உருகும் பனி. மேகம் கொஞ்சம் விலகியதும் அண்ணன் அவசரப்படுத்த, இருட்டில் ஓடிய கரோலின் இரும்புக் கொக்கி ஒன்றின் மேல் விழுந்தார். தூக்கி எடுத்தபோது கிட்டத்தட்ட 57 கிராம் தொடைச் சதை கொக்கியிலேயே நின்றுவிட்டது. அதைப் பற்றி எழுதும்போது, மீதி இரவு மேகமூட்டமாக இருந்ததால் அண்ணனுக்கு நஷ்டமில்லை என்று ஆறுதல் பட்டிருக்கிறார். இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1786 ஆகஸ்ட் 1, அண்ணன் ஜெர்மனி போயிருக்கிறார். அன்று கரோலினுக்கு நெபுலாக் கணக்கு, அதாவது வானில் மேகம் போல் மங்கலாகத் தெரியும் பொருள்களின் கணக்கு, 100 எண்ணி முடித்திருக்கிறார். இரவு தன் சிறிய தொலைநோக்கியில் ஒரு மங்கலான பொருள் கண்ணில் பட்டது. நாளை இரவு பார்த்தால் இது வால்மீனாக இருக்கும் என்று குறித்து வைத்தார். மறுநாள் இரவு பார்த்தார், நகர்ந்திருந்தது. படுக்கப் போகும் முன்பே லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அடுத்த வருடம் அரசர் அவருக்கும் சம்பளம் போட்டார், வருடம் 50 பவுண்டு. அப்போது அவருக்கு வயது 37. தன் இஷ்டப்படி செலவு செய்யலாம் என்று வாழ்நாளில் முதல்முதலாக நினைத்த பணம் அதுதான் என்று எழுதியிருக்கிறார்.