குலைநோய்ப் பூஞ்சணத்தின் மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன?

[காட்சி: பெகு அருகே கோடைப் போக நெல்வயல். இலையில் பனி ஈரம்.]

மியான்மரில் பெகு, மோல்மேன் பக்கம் நெல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புள்ளி பழக்கம்தான். இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. நெல் குலைநோய். புள்ளி கண்ணில் படுவதற்கு நாலைந்து நாள் முன்பே பூஞ்சணம் உள்ளே போய்விட்டது. எல்லாம் முடிவானது ஒரே இரவில். அந்த இரவைப் பார்ப்போம்.

[காட்சி: மூன்று அறை உள்ள வித்து இலையில் ஒட்டுகிறது.]

ஈர இலையில் விழுந்த வித்து சுமார் 2 மணி நேரத்தில் முளைக்குழாய் விடும். அடியில் இருப்பது கடினமான, மெழுகு படிந்த பரப்பு, தின்ன ஒன்றுமில்லை. பூஞ்சணத்துக்கு இவைதான் சமிக்ஞை. செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி பாதை தூண்டப்படுகிறது. அடுத்து பிஎம்கே1 என்ற கைனேஸ், அதாவது மற்ற புரதங்களை முடுக்கும் நொதி, வேலையைத் தொடங்குகிறது. ஏராளமான மரபணுக்களின் செயல்பாடு மாறுகிறது. 1996இல் வெளியான ஆய்வில், பிஎம்கே1 மரபணுவை நீக்கிய பூஞ்சணம் ஆய்வகத் தட்டில் வளர்ந்தது; பயிரில் நோயை மட்டும் உண்டாக்க முடியவில்லை. வளர ஒரு மரபணுக் கூட்டம், தாக்க இன்னொரு கூட்டம்.

[காட்சி: குழாய் நுனி உருண்டு கறுக்கிறது.]

குழாய் நுனி குமிழாக உருள்கிறது. சுவரில் மெலனின் என்ற கறுப்பு நிறமி படிகிறது, உள்ளே கிளிசரால் சேர்கிறது, தண்ணீர் புகுந்து அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறுகிறது. கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 40 மடங்கு. அந்த விசையில் ஒரு முள் இலைத்தோலைத் துளைக்கிறது. மெலனின் இல்லையென்றால் கிளிசரால் கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது.

குலைநோய்க்குத் தெளிக்கும் டிரைசைக்ளசோல் மருந்து தாக்குவது இந்த இடத்தைத்தான். பஃப்1 மரபணு உருவாக்கும் மெலனின் நொதியை அது தடுக்கிறது. பூஞ்சணத்தை அது கொல்வதில்லை. அதனால் ஏற்கெனவே நுழைந்த பூஞ்சணத்தின் மேல் தெளித்தால் பழைய புள்ளி ஆறாது. புது நுழைவுதான் நிற்கும். புள்ளி பெருகிய பிறகு அளவை இரட்டிப்பாக்குவது வீண் செலவு.

[காட்சி: செல்லுக்குள் பூஞ்சண இழை.]

உள்ளே போனதும் நெல்லின் எதிர்ப்பை அடக்கும் எஃபெக்டர் புரதங்கள் வெளிவருகின்றன. தட்டில் வளரும்போது இவற்றின் மரபணுக்களில் பெரும்பாலானவை மூடிக் கிடக்கும். பலவற்றின் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தில், 27ஆம் இடத்து லைசின் என்ற அமினோ அமிலத்தில், மூடி வைக்கும் குறியாக மூன்று மீத்தைல் குழுக்கள் இருக்கும். செடிக்குள் அந்தக் குறி குறைய, மரபணு திறக்கிறது.

எதிர்ப்பு ரகம் தோற்பதும் இங்கேதான். பை-டா என்ற எதிர்ப்பு மரபணு உள்ள நெல், ஏவிஆர்-பிடா என்ற எஃபெக்டரை அடையாளம் காணும். பாட்3 என்ற இடம் மாறித் தாவும் டிஎன்ஏ துண்டு அந்த எஃபெக்டர் மரபணுவை இயக்கும் முன்பகுதியில் செருகிக்கொண்டால், மரபணு முழுதாக இருந்தும் புரதம் வராது, நெல்லுக்கு எதிரி தெரியாது. ஊர் முழுக்க ஒரே ரகம் வைத்தால் இப்படித் தப்பிய பூஞ்சணம் தடையின்றிப் பரவும்.

[காட்சி: தொண்டைக்கதிர்ப் பருவம்.]

யூரியாவை ஒரே தடவையில் போடாதீர்கள்; மூன்றாகப் பிரியுங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகும், பயிர் அடர்ந்து ஈரம் காயாது. கதிரின் கழுத்தைத் தாக்கும் கழுத்துக் குலைக்கு டிரைசைக்ளசோல் தெளிப்பது தொண்டைக்கதிரின் கடைசியிலும் கதிர் வெளிவரும்போதும். 75 சதவீதத் தூள் என்றால் பொதுவாக லிட்டருக்கு 0.6 கிராம், பாக்கெட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஏற்றுமதிக்கு விற்பவர்கள் வாங்குபவரிடம் முதலில் கேளுங்கள்: ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அரிசியில் டிரைசைக்ளசோலின் எச்ச வரம்பைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது.