கேள்வியைத் தாங்கும் புத்தகம்

நடுவர் ஐயா அவர்களே, எங்களை மூச்சுவிட முடியாமல் செய்துவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, பெற்றோரே, பின்வரிசையில் வேதாகமத்துக்குள் கைப்பேசியை வைத்துப் படித்துக்கொண்டிருக்கும் வாலிபத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வாலிபப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சத்தமாக வாசிக்க ஏற்ற மிஷனெரி சரித்திரம் எது? நிறைகளை மட்டும் சொல்வதா, குறைகளையும் மறைக்காமல் சொல்வதா? இதுதான் இன்றைய கேள்வி. மறைக்காமல் சொல்வதே என்ற அணியில் மூன்றாவதாக வந்து நிற்கிறேன். தாவீது ராஜாவின் பாவத்தையும் பேதுரு மறுதலித்ததையும் வேதமே மறைக்கவில்லை என்று தொடங்கலாம் என வீட்டிலிருந்து எழுதி வந்தேன். எங்கள் அணித் தலைவர் முதல் நிமிடத்திலேயே அதைச் சொல்லிவிட்டார். அதனால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

தலைப்பில் ஒரு சொல்லை எதிரணியினர் கவனிக்கவில்லை. 'சத்தமாக' என்று இருக்கிறது. தனியாகப் படிக்கிற பிள்ளை, பிடிக்காத பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடும். குடும்ப ஜெபம் முடிந்து, விளக்கடியில் எல்லோரும் உட்கார்ந்து, அம்மா வாசிக்கப் பிள்ளைகள் கேட்கும்போது அப்படி நடக்காது. ஒரு பத்தியை நான் தாவினால் பக்கத்தில் இருக்கிற மகள் விரலை வைத்து, 'இதை ஏன் விட்டீர்கள்?' என்பாள். வாசிப்பு நடுவில் நிற்கும். கேள்வி வரும். அந்தக் கேள்வியைத் தாங்குகிற புத்தகம்தான் சத்தமாக வாசிக்க ஏற்ற புத்தகம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் இதற்குச் சாட்சி.

எதிரணித் தலைவர் வில்லியம் கேரியைச் சொன்னார். செருப்புத் தைத்தவர், 1793இல் வங்காளத்துக்கு வந்தவர். 1812 மார்ச்சில் செராம்பூர் அச்சகம் எரிந்து, ஆண்டுக்கணக்கில் உழைத்த வேத மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் படிகள் சாம்பலானபோது, மறுபடியும் முதலிலிருந்து உட்கார்ந்து எழுதியவர். இதைக் கேட்டு நானும் கைதட்டினேன். அதே கேரியைத்தான் போன வருடம் எங்கள் வீட்டில் வாசித்தோம். நான் வாங்கி வந்தது எதிரணியினர் விரும்புகிற வகைப் புத்தகம். குற்றம் குறை ஒன்றும் கிடையாது. பாதி வந்தபோது, பதினான்கு வயது மகள் கேட்டாள்: 'அம்மா, இவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததே. அந்த அம்மா எங்கே போனார்?'

புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி கிடைத்தது. துணைவியார் நோயுற்று 1807இல் காலமானார்.

அந்த ஒரு வரிக்குள் இருந்த பெண்ணின் பெயர் டாரதி. திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக்குறி போட்டவர். எழுதப் படிக்கத் தெரியாது. கணவர் இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது வர மறுத்தார். கப்பல் தாமதமானதால் கேரி திரும்பி வந்து மறுபடியும் கேட்க, பிறந்து சில வாரமே ஆன குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தங்கை கூட வந்தால் வருகிறேன் என்று கிளம்பினார். மறு வருடம், 1794இல், ஐந்து வயது மகன் பீட்டர் முத்னாபட்டியில் சீதபேதியில் இறந்துபோனான். அதன்பின் டாரதியின் மனம் தேறவே இல்லை. கணவர்மேல் தீராத சந்தேகம், கூச்சல், ஆவேசம். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் இப்படி. அவர் பக்கத்து அறையில் கதறிக்கொண்டிருக்க, கேரி இந்த அறையில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கவனிப்பாரில்லாமல் வளர்ந்த பிள்ளைகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர், உடன் ஊழியரின் மனைவி ஹன்னா மார்ஷ்மன்.

இதைத் தேடிப் படித்து அடுத்த வாரம் சொன்னேன். எதிரணிச் சகோதரி பயப்படுவதுபோல் என் மகள் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. அதுவரை தலையணையில் சாய்ந்து கேட்டவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'கடவுள் அவரை மட்டுமா அழைத்தார், அந்த அம்மாவை யாரும் கேட்கவில்லையா?' என்றாள். நடுவர் ஐயா, அன்று இரவு பதினொன்றரை வரை விளக்கு அணையவில்லை. எங்கள் வீட்டில் அப்பா பேசியதே அன்றுதான் அதிகம். குறையில்லாத புத்தகம் அந்த இரவை எங்களுக்குத் தந்திருக்குமா?

'நாற்றுக்கு வேலி வேண்டும்' என்றார் எதிரணி அண்ணன். வேண்டும்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு டாரதியின் கதையை நான் வாசிக்க மாட்டேன். அதற்கு, பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டித்துண்டு ஊட்டிய வேலூர் மருத்துவர் ஐடா ஸ்கடரே போதும். ஆனால் தலைப்பு வாலிபப் பிள்ளைகளைப் பற்றியது. பதினைந்து வயது நாற்றா, அண்ணா? வேலியைத் தாண்டி அடுத்த வயலில் மேய்ந்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் வந்து நிற்கிற கன்று அது. நாம் மறைத்ததைக் கைப்பேசியில் அரை நிமிடத்தில் எடுத்துவிடும். அப்போது அது கேரியின்மேல் கோபப்படாது. மறைத்த நம்மேல்தான் கோபப்படும்.

ஐடாவின் பெயர் வாயில் வந்துவிட்டது. அவரையும் எதிரணி தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. வேலூர் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, எல்லாம் சரி. ஆனால் அவர் வாலிப வயதில் மிஷனெரியாகவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். குழந்தையாக இருந்தபோது பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டியவர். அந்த நினைவே அவரை இந்த நாட்டைவிட்டு ஓடச் சொன்னது. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்பதற்காகத் திண்டிவனத்துக்கு வந்தார். சீக்கிரம் அமெரிக்காவுக்குத் திரும்புவதே எண்ணம். ஒரே இரவில் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று மூன்று வீட்டாரும் மறுத்து, மூவரும் விடியுமுன் இறந்தபிறகுதான் மனம் மாறினார். அந்த 'மாட்டேன்' இல்லாவிட்டால் அந்த இரவுக்கு என்ன கனம்? எனக்கு வேண்டாம் என்று சொல்லிப் பழகிய வயதுக்காரருக்கு, வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியைக் காட்டாமல் வேறு யாரைக் காட்டுவது?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடையன்குடி மிஷனெரி கால்டுவெல் ஐயர். 1856இல் ஒப்பிலக்கணம் எழுதினார். தமிழுக்கு உலகத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். மெரினாவில் சிலையாக நிற்கிறார். பள்ளிப் பிள்ளைக்கும் இவ்வளவு தெரியும். அதே ஐயர் 1849இல் நெல்லையின் பனைத்தொழில் செய்த மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர்களை நாகரிகமும் அறிவும் தாழ்ந்தவர்களாக அதில் எழுதியிருந்தார். யாரை? தன் சபையில் தன் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தவர்களை. அவர்கள் பிள்ளைகள் படித்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஒருநாள் படித்தும் விட்டார்கள். கொந்தளிப்பு பல ஆண்டுகள் நீடித்து, கடைசியில் அந்தப் புத்தகம் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. நாசரேத்துப் பக்கம், அதே மக்களில் ஒருவரான சட்டம்பிள்ளை மிஷனெரிகளோடு முறித்துக்கொண்டு, 1857இல் வெள்ளைக்காரர் துணையில்லாத தனிச் சபையே கண்டார்.

இந்தக் கதையை யார் வீட்டுப் பிள்ளைக்கு மறைக்கப் போகிறோம்? இந்த அரங்கில் இருக்கிற பாதிப் பேருடைய கொள்ளுத்தாத்தாக்கள்தான் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள். ஐயரிடம் எழுத்துக் கற்று, அதே எழுத்தைக் கொண்டு ஐயரையே எதிர்த்தவர்கள். அவர்களை நீக்கிவிட்டுக் கால்டுவெல் வாழ்க்கையை வாசித்தால், நம் பிள்ளை தன் தாத்தா இல்லாத சரித்திரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

கடைசியாக, நெல்லைப் பக்கம் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த டோனாவூர் அம்மா. நிறைகளை மட்டும் சொல்ல வேண்டும் என்பதற்கு ஏமி கார்மைக்கேலை எடுத்துக்காட்டாகச் சொன்ன சகோதரிக்கு நான் மனப்பூர்வமாக நன்றி சொல்கிறேன். 1895இல் வந்தவர் 1951இல் சாகும்வரை ஊர் திரும்பவில்லை. கடைசி இருபது ஆண்டு படுக்கையில். எல்லாம் உண்மை. ஆனால் அவர் நெல்லை ஊழியத்தைப் பற்றி எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பிய கையெழுத்துப் படி திரும்பி வந்தது. சோர்வூட்டுகிறது, வாசகர் உற்சாகப்படும்படி மாற்றுங்கள் என்றார்கள். அதாவது எங்கள் எதிரணி அன்றைக்கே லண்டனில் இருந்திருக்கிறது! அவர் மாற்ற மறுத்தார். 1903இல் அது வெளிவந்தபோது தலைப்பே 'உள்ளது உள்ளபடி' என்ற பொருளில்தான் இருந்தது. தன் எழுத்துக்கு அலங்காரம் செய்ய மறுத்த அம்மாவின் வாழ்க்கைக்கு, அவர் போனபிறகு நாம் ஏன் அலங்காரம் செய்ய வேண்டும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குறைகளை மட்டும் பொறுக்கி அடுக்குகிற புத்தகமும் உண்டு. அதுவும் பொய்தான், அதை நான் கடையிலேயே வைத்துவிட்டு வருவேன்.

மணி அடித்துவிட்டீர்கள். அரை நிமிடம், ஐயா. இந்த மாதம் எங்கள் வீட்டில் லிவிங்ஸ்டன். ஆப்பிரிக்காவில் அவர் ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்தவர்களில் பெயர் சொல்லத்தக்கவர் ஒரே ஒருவர், செசேலே என்ற அரசர். எழுத்துக் கற்றதும் ஏசாயாவைப் படித்துவிட்டு, 'அந்த ஏசாயா நல்ல மனிதர், பேசத் தெரிந்தவர்' என்றாராம். நேற்று அவர் 1848இல் ஞானஸ்நானம் பெறும் பக்கத்துக்கு வந்தோம். அதற்காக, ஐந்து மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நால்வரையும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். பையன் புத்தகத்தின்மேல் கையை வைத்துவிட்டான். 'அந்த நாலு பேரும் என்ன தப்புச் செய்தார்கள்?'

எனக்குப் பதில் தெரியவில்லை. நாளை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இங்கே பேச வந்திருக்கிறேன். இன்று இரவு வீட்டுக்குப் போனால் முதல் வேலையாக அதைத்தான் கேட்பான்.

நன்றி, வணக்கம்.