விறகு மிச்சம், வேலை மிச்சமா?

[காட்சி: கறுப்பாகப் பளபளக்கும் வார்ப்பிரும்பு அடுப்பு. ஒரு பெண் ஓவன் கதவைத் திறந்து, வெறுங்கையை உள்ளே நீட்டுகிறாள்.]

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறாள். கை எத்தனை எண்ணிக்கைவரை சூடு தாங்குகிறதோ, அதுதான் அவளுடைய வெப்பமானி. கையை நம்பாதவர்கள் ஒரு வெள்ளைக் காகிதத்தை உள்ளே வைத்து, அது எவ்வளவு விரைவில் பழுப்பாகிறது என்று பார்ப்பார்கள்.

இது 19ஆம் நூற்றாண்டு அடுப்பு. விக்டோரியா மகாராணி காலத்து அடுப்பு என்றதும் இங்கிலாந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே பெரும்பாலும் எரிந்தது நிலக்கரி. விறகு அடுப்பைப் பார்க்க, அதே காலத்து அமெரிக்கப் பண்ணை வீட்டுக்குள் போக வேண்டும்.

அதற்கு முன்பு அங்கே சுவரோடு கட்டிய கணப்பில்தான் சமையல். நாள் முழுக்கக் குனிய வேண்டும். பாவாடை நுனியில் நெருப்புப் பிடிக்கும் பயம் வேறு. வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். நெருப்பை அடைத்து வைத்தால் விறகு மிச்சமாகும் என்று 1790களிலேயே விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு சொல்லிவிட்டார். 1834இல் ஓஹையோவின் ஓபர்லின் ஊரைச் சேர்ந்த ஃபைலோ ஸ்டூவர்ட், வீட்டுக்கு ஏற்ற சிறிய இரும்பு அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு நியூயார்க் மாநிலத்தின் டிராய், ஆல்பனி நகரங்களின் வார்ப்படச் சாலைகள் அடுப்புகளை வார்த்துத் தள்ளின.

[காட்சி: அடுப்பின் குறுக்குவெட்டுப் படம். புகை செல்லும் பாதையை அம்புக்குறிகள் காட்டுகின்றன.]

இதன் சூட்சுமம் ஒரு சிறு தகட்டில் இருக்கிறது. தகடு திறந்திருந்தால் புகை நேராகப் புகைபோக்கிக்கு ஏறிவிடும். மூடினால், சூடான புகை ஓவனின் மேலே ஓடி, பக்கவாட்டில் இறங்கி, அடியில் சுற்றி வந்த பிறகுதான் வெளியேறும். வெளியே ஓட இருந்த சூட்டை வைத்தே ரொட்டி வெந்துவிடும்! பற்றவைக்கும்போது தகட்டைத் திறக்க மறந்தால் மட்டும் சமையலறையே புகைமண்டலம்தான்.

நெருப்புக்கு விறகு தெரிய வேண்டும். பைன் குப்பென்று பிடித்துச் சட்டென்று அடங்கும், பற்றவைக்க நல்லது. ரொட்டிக்கு நின்று எரியும் ஓக், மேப்பிள் போன்ற கட்டைகள் வேண்டும். மேல்தட்டில் ஒரு பக்கம் குழம்பு, மறுபக்கம் சூடேறும் இஸ்திரிப் பெட்டிகள். கோடையில் இந்த வெக்கையைத் தாங்க முடியாமல், பின்கட்டில் தனிக் கோடைச் சமையலறை கட்டிக்கொண்டவர்கள் உண்டு.

யாருடைய வேலை குறைந்தது? விறகு குறைவாகச் செலவானதால் வெட்டிப் பிளக்கும் ஆண்களுக்கு நிம்மதி. அதுவரை ஒரே பானையில் கொதித்த உணவு, நாலு வாய் அடுப்பு வந்ததும் நாலு வகையானது. சமைத்தவள் பெண். இரும்பு துருப்பிடிக்காமல் கறுப்பு மெருகு பூசித் தேய்த்தவளும் அவளே.

1899இல் பாஸ்டனில் இல்லப் பராமரிப்பு கற்பித்த ஒரு பள்ளி, அடுப்புக்கு மட்டும் எவ்வளவு நேரம் போகிறது என்று ஆறு நாள் கணக்கெடுத்தது. சாம்பல் அள்ள, சலிக்க, நெருப்பு மூட்ட, அதைக் கவனிக்க, மெருகு தேய்க்க, எல்லாம் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். மெருகுக்கு மட்டுமே 2 மணி 9 நிமிடம். சமையல் நேரம் இதில் சேரவில்லை.

அதுவும் அது நிலக்கரி அடுப்பு. விறகு அதைவிட விரைவாக எரிந்து தீரும்.