கோயிலுக்குப் போங்க, மாத்திரையையும் எடுத்துட்டுப் போங்க

(மனநல நாள் கூட்டத்துல ஒரு மனநல சமூகப் பணியாளர் பேசுனது, பேசுனபடியே எழுதினது)

தலைவர் ஐயாவுக்கும் நூலகர் அண்ணனுக்கும், மழைன்னும் பாக்காம வந்து உக்காந்திருக்க எல்லாருக்கும் வணக்கம். நோட்டீஸ்ல "மனநலம் காப்போம்"னு தலைப்பு போட்டுட்டாங்க. அதுக்கு நல்லா தூங்குங்க, வாக்கிங் போங்க, போனைக் குறைங்கன்னு பத்து நிமிஷம் பேசிட்டு டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிடலாம். அதெல்லாம் நல்லதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா எங்க ஓபிக்கு வர்ற பாதிக் குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கும் பத்தாது. ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் பத்தியெல்லாம் இப்ப டிவியிலயே பேசுறாங்க, நடிகருங்க கூட பேட்டி குடுக்குறாங்க, ரொம்ப நல்லது. யாரும் வாயத் தொறக்காத ஒண்ணு இருக்கு, மனச்சிதைவு, டாக்டருங்க ஸ்கிசோஃப்ரினியாம்பாங்க. இன்னிக்கு அதை மட்டும் பேசுறேன், தலைவர் கோவிச்சுக்கக் கூடாது.

உலகத்துல சுமார் 300 பேர்ல ஒருத்தருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. அப்படிப் பாத்தா மூவாயிரம் பேர் இருக்க ஒரு ஊர்ல சுமார் பத்துப் பேர் இருப்பாங்க. இந்த ஊர்ல எத்தன பேர்னு நான் கேக்கல, கேட்டா யாரும் கை தூக்கவும் மாட்டீங்க.

எப்படி ஆரம்பிக்கும்? பெரும்பாலும் பதினெட்டு இருபது வயசுல ஆரம்பிக்கும், பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் லேட்டா வரும். நல்லா படிச்சிட்டு இருந்த பையன் காலேஜ் போறத நிறுத்துவான், குளிக்க மாட்டான், ராத்திரி பூரா முழிச்சிருப்பான். வீட்ல "லவ் ஃபெய்லியரா இருக்கும்", "கூடாத சேர்க்கை"ன்னு நெனைப்பாங்க. எங்ககிட்ட வந்த ஒரு பையன் வீட்ல இருந்த ஸ்விட்ச் போர்டு எல்லாத்துலயும் நியூஸ் பேப்பர் ஒட்டிட்டான், டிவி மேல அம்மாவோட பழைய சேலையைப் போத்திட்டான். ஏன்னு கேட்டா, நியூஸ் வாசிக்கிறவங்க என்னையப் பத்தித்தான் பேசுறாங்க, நான் என்ன நெனைக்கிறேன்னு போர்டு வழியா கேக்குறாங்கன்னு சொல்றான். அவனுக்கு அது கற்பனை இல்லீங்க. உங்களுக்கு இப்ப என் குரல் கேக்குதுல்ல, அதே தெளிவோட அவனுக்கு வேற குரல் கேக்குது. அசிங்கமா திட்டும், "அம்மா சோத்துல விஷம் வச்சிருக்கா"ன்னு சொல்லும், சில பேருக்கு "செத்துப் போ"ன்னு கட்டளையே போடும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் யார் சொன்னாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி, நாளைக்குப் பாப்போம்னு விடவே கூடாது, ராத்திரியா இருந்தாலும் தனியா விடக்கூடாது.

இது சத்தமா தெரியிற பக்கம். சத்தமே இல்லாத இன்னொரு பக்கம் இருக்கு. முகத்துல சிரிப்பு அழுகை எதுவும் இருக்காது, பேச்சு கொறஞ்சிரும், சும்மா உக்காந்தே இருப்பான். இதைத்தான் "சோம்பேறி, தண்டச்சோறு"ன்னு திட்டுறோம். குரல் கேக்குறதை மாத்திரை நல்லா கட்டுப்படுத்தும், இந்தச் சோர்வை அந்த அளவுக்கு அதால மாத்த முடியாது, அதுக்குப் பயிற்சி வேணும், வேலை வேணும், பொறுமை வேணும்.

டாக்டருங்க "இது சுகர் மாதிரி ஒரு வியாதிதான்"னு சொல்லிப் புரிய வைப்பாங்க, நானும் முன்னாடி அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். இப்ப சொல்றதில்ல. சுகர் வந்தவனுக்குத் தனக்கு சுகர் இருக்குன்னு தெரியும், மாத்திரை முடிஞ்சா அவனே மெடிக்கல் ஷாப்புக்குப் போவான். இங்க நோய் வந்த ஆளுக்கே "எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் பைத்தியம்"னுதான் தோணும். அது திமிர் இல்ல, அந்த நோயே அப்படித்தான். அதனால முதல் அடி எடுத்து வைக்க வேண்டியது குடும்பம்.

குடும்பம் என்ன செய்யுது? முதல்ல கோடாங்கி, அப்புறம் மந்திரிச்ச தாயத்து, குலதெய்வத்துக்குக் கெடா வெட்டு, அப்புறம் ஏர்வாடி தர்கா, இல்ல சோளிங்கர் கோயில், இல்ல குணசீலம் கோயில். எதுலயும் சரியாகலன்னா பெரிய மருந்து ஒண்ணு கையில வச்சிருக்கோம், கல்யாணம். "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் போகும்." சொல்லாம மறைச்சு ஒரு பொண்ணைக் கட்டி வைக்கிறது, அந்தப் பொண்ணு மூணாவது மாசம் பையத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு வர்றது, ரெண்டு குடும்பமும் பஞ்சாயத்துல நிக்கிறது. இத்தனையும் முடிச்சிட்டு எங்ககிட்ட வரும்போது சில வருஷம் ஓடிருக்கும். எவ்வளவு சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லா தேறுவாங்க, இது பல நாட்டு ஆராய்ச்சியிலயும் வந்திருக்கு. அந்த வருஷங்களை யார் திருப்பிக் குடுக்கிறது?

நான் சாமிக்கு எதிரா பேச வரல. நானே விரதம் இருக்கிறவ. தமிழ்நாட்டுல முத்துசாமி கோயில் ஒண்ணு இருக்கு, மனசு சரியில்லாதவங்க அங்க வந்து தங்குவாங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி டாக்டருங்க அங்க போயி, வந்து தங்குன 31 பேரைப் பாத்து, வந்தப்ப நோய் எந்த அளவு, கெளம்பும்போது எந்த அளவுன்னு அளந்தாங்க. மாத்திரையே இல்லாம நோயோட தீவிரம் கிட்டத்தட்ட 20 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு. 2002ல இங்கிலாந்து மருத்துவ இதழ்ல அது வந்துச்சு. காரணம் ஒண்ணும் மாயமில்ல, அங்க யாரும் அடிக்கல, கட்டி வைக்கல, கேலி பண்ணல, கூட்டிப் பெருக்குறது செடிக்குத் தண்ணி ஊத்துறதுன்னு சின்ன வேலை குடுத்தாங்க, கூடவே வீட்டாள் ஒருத்தர் இருந்தார். ஆக கோயில்ல நல்லது நடக்குது. ஆனா 20 சதவீதம் கொறஞ்சா மிச்சம் 80 இருக்குல்ல, அதுக்குத்தான் நான் மாத்திரைன்னு கத்திக்கிட்டு இருக்கேன். திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயில்ல ஒரு மண்டலம் தங்கி உச்சிக்கால பூஜையில தீர்த்தம் வாங்குறவங்களுக்குப் பக்கத்துலயே மறுவாழ்வு மையம் இருக்கு, மனநல டாக்டரும் வந்து பாக்குறார். ஏர்வாடி தர்காவுலயும் இப்ப துவாங்கிற பிரார்த்தனையோட மருந்தும் சேத்துக் குடுக்க அரசாங்கமே ஏற்பாடு பண்ணிருக்கு.

அந்த ஏற்பாடு சும்மா வந்துறல. 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலை, ஏர்வாடியில ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில தீப்புடிச்சிருச்சு. தர்கா நடத்துன இடம் இல்ல அது, தர்காவை நம்பி வந்தவங்களை வச்சுக் காசு பாத்த இடம். உள்ள இருந்தவங்க சங்கிலியில கட்டிக் கெடந்தாங்க. 28 பேர் செத்துப் போனாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க ரோட்ல கெடந்தவங்க இல்ல, அம்மா அப்பா, அண்ணன் தம்பி கூட்டிட்டு வந்து பணத்தைக் கட்டி விட்டுட்டுப் போனவங்க. உச்ச நீதிமன்றம் தானா வழக்கை எடுத்துச்சு, அந்த மாதிரி காப்பகத்தையெல்லாம் மூடுனாங்க, 500க்கு மேல ஆளுங்களை அரசு பொறுப்புல எடுத்துச்சு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவத்துலயும் சங்கிலி போடக்கூடாதுன்னு எழுத்துலயே சொல்லிருச்சு. வீட்ல கூட கட்டி வைக்கிற ஆளுங்க இன்னும் இருக்காங்க, எனக்குத் தெரியும், அவங்களும் கெட்டவங்க இல்ல, வேலைக்குப் போனாத்தான் சோறு, பையன் ரோட்டுக்கு ஓடிருவான்னு பயம். அந்தப் பயத்துக்கு வழி சங்கிலி இல்ல, எங்களுக்கு ஒரு போன் போடுங்க.

சரி, மாத்திரைக்கு வர்றேன். இங்கதான் முக்கால்வாசி குடும்பம் கவுந்துருது, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

இந்த நோய்க்கு உருப்படியான முதல் மருந்து 1952ல பாரிஸ்ல வந்துச்சு, குளோர்புரோமசின்னு பேரு. அதுக்கு முன்னாடி வரைக்கும் உலகம் பூரா பூட்டி வைக்கிறதுதான் பெரிய வைத்தியம். அதுக்கப்புறம் எவ்வளவோ மருந்து வந்தாச்சு, அரசு ஆஸ்பத்திரியில முக்கியமானதெல்லாம் இலவசமாவே கெடைக்குது. ஆனா எல்லா மருந்துக்கும் பக்க விளைவு உண்டு, அதை யாரும் முன்கூட்டியே சொல்லாததுதான் பெரிய பிரச்சனைன்னு நான் நெனைக்கிறேன். மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது நாள் சில பசங்களுக்குக் கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கும், கண்ணு மேல சொருகிக்கும், நாக்கு தடிச்ச மாதிரி பேச்சு கொழறும். பாக்குற அம்மாவுக்கு உயிரே போயிரும். "நல்லா இருந்த புள்ளைய மாத்திரை குடுத்து இப்படி ஆக்கிட்டானுக"ன்னு மொத்த ஸ்ட்ரிப்பையும் குப்பையில போட்டுருவாங்க, அதோட சரி, இந்த ஜென்மத்துல ஆஸ்பத்திரி பக்கம் வர மாட்டாங்க. அந்தக் கழுத்து இழுப்புக்கு ஒரு ஊசி போட்டா கொஞ்ச நேரத்துல சரியாயிரும்! எந்த அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு வேணா ஓடுங்க, என்ன மாத்திரை சாப்பிடுறான்னு சீட்டைக் காட்டுங்க, அவ்வளவுதான். வாயில எச்சி ஒழுகுறது, கை நடுக்கம், தூக்கம், வெயிட் ஏறுறது, இதுக்கெல்லாமும் வழி இருக்கு. டோஸைக் கொறைக்கலாம், மருந்தை மாத்தலாம், கூட ஒரு மாத்திரை சேக்கலாம். டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. வெயிட் ஏறுதான்னு மாசா மாசம் பாக்கச் சொல்லிக் கேளுங்க, அது உங்க உரிமை.

இன்னொண்ணு, ஆறு மாசத்துல நல்லாயிருவான், குளிப்பான், கல்யாண வீட்டுக்குக் கூட வருவான். "அதான் சரியாயிருச்சே, எதுக்கு வெஷத்தப் போட்டுக்கிட்டு"ன்னு மாமாவோ சித்தப்பாவோ ஒருத்தர் வந்து சொல்வார். எல்லா குடும்பத்துலயும் அப்படி ஒருத்தர் இருக்கார், எங்க தேடிப் புடிக்கிறாங்கன்னு தெரியல. அவர் பேச்சைக் கேட்டு நிறுத்துனா உடனே ஒண்ணும் ஆகாது, அதுதான் ஏமாத்துற விஷயமே. சில மாசம் கழிச்சு மறுபடி ராத்திரி தூக்கம் போகும், சந்தேகம் வரும், அப்புறம் பழைய கதை. தூக்கம் கொறையுதுன்னா அதுதான் முதல் மணி, அன்னிக்கே கூட்டிட்டு வாங்க.

மாத்திரை சாப்பிடவே மாட்டேங்குறானா? ரசத்துல, தயிர் சாதத்துல பொடிச்சுக் கலந்து குடுக்கிற அம்மாக்கள் நெறைய. அவங்க கஷ்டம் எனக்குப் புரியுது, ஆனா ஒரு நாள் தட்டு ஓரத்துல வெள்ளையா பொடி இருக்கிறதை அவன் பாத்துட்டான்னா என்னாகும்? அம்மா விஷம் வைக்கிறாங்கன்னு குரல் சொல்லிட்டு இருந்துச்சுல்ல, அது நெசமாயிருச்சு. அதுக்கப்புறம் அந்த வீட்ல பச்சத்தண்ணி கூட குடிக்க மாட்டான். அதுக்குப் பதிலா மாசம் ஒரு தடவை போடுற ஊசி இருக்கு, அதைப் பத்திக் கேளுங்க. ஆளே வர மாட்டேங்குறான்னா முதல்ல நீங்க மட்டும் வந்து பேசுங்க. ரொம்ப முத்திப் போச்சு, உயிருக்கு ஆபத்துன்னா, நியமிக்கப்பட்ட பிரதிநிதி, அதாவது அவர் சார்பா முடிவெடுக்கச் சட்டப்படி இருக்கிற ஆள், எழுதிக் குடுத்து, மனநல டாக்டர் ஒருத்தரும் இன்னொரு டாக்டரோ மனநலப் பணியாளரோ ஒருத்தரும் தனித்தனியா பாத்துச் சொல்லி, 30 நாள் வரை அட்மிட் பண்ண அதே 2017 சட்டத்துல வழி இருக்கு. ஆளுங்களை விட்டுக் கையக் காலைக் கட்டி வேன்ல தூக்கிப் போட வேண்டியதில்ல.

வீட்டுப் பேச்சுக்கு வர்றேன். லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒருத்தர், ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குப் போனவங்கள்ல யாருக்கு மறுபடி நோய் திரும்புதுன்னு 1950கள்ல இருந்து பாத்தார். எந்நேரமும் குத்திக் காட்டுற வீட்டுக்கும், வெறுப்பக் கொட்டுற வீட்டுக்கும் போனவங்களுக்கு அதிகமா திரும்புச்சு. அதுமட்டுமில்ல, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வச்ச வீட்லயும்தான். இருபத்தஞ்சு வயசுப் புள்ளைக்கு சோத்த ஊட்டி விடாதீங்க. கடைக்கு அனுப்புங்க, மீதிச் சில்லறை தப்பா கொண்டு வந்தாலும் பரவால்ல. குரல் கேக்குதுன்னு சொன்னா "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னு மல்லுக்கட்டாதீங்க, ஆமா ஆமான்னும் சொல்லாதீங்க. "எனக்குக் கேக்கல, ஆனா உனக்குப் பயமாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டுப் பக்கத்துல உக்காருங்க. வளர்ப்பு சரியில்லாம வந்துச்சோன்னு அழற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை, வளர்ப்பால இந்த நோய் வர்றதில்ல. பரம்பரை ஒரு பங்கு, அதுவும் அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தாலும் நூறு புள்ளைங்கள்ல சுமார் பத்துப் பேருக்குத்தான் வரும். இந்தக் கணக்குல வர்ற வீட்டுப் பசங்க கஞ்சாவை மட்டும் தொடவே கூடாது, அது நோயை இழுத்துட்டு வந்துரும், இருக்கிறதையும் மோசமாக்கும்.

தேறுவாங்களான்னு கேப்பீங்க. கீழ்ப்பாக்கம்னு சொன்னாலே நம்மாளுங்க சிரிக்கிறானுங்க, சினிமாவும் அதுக்கு ஒரு காரணம். அதே கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு 1961ல பொறுப்புக்கு வந்தவங்க டாக்டர் சாரதா மேனன். ஓய்வுக்கப்புறம் 1984ல சென்னையில ஸ்கார்ஃப்னு மனச்சிதைவு ஆராய்ச்சிக்கான அமைப்பை ஆரம்பிச்சாங்க. அங்க இருந்த டாக்டர் தாராவும் மத்தவங்களும், முதல் தடவையா நோய் வந்த 90 பேரை 1980கள்ல இருந்து வருஷக்கணக்கா விடாம பின்தொடர்ந்து பாத்தாங்க. பத்து வருஷம் கழிச்சுப் பாத்தப்ப பெரும்பாலானவங்க நல்லபடியா தேறி இருந்தாங்க, விடாம நோயிலயே கெடந்தவங்க ரொம்பக் கம்மி. இது வெள்ளக்காரன் ஊர்க் கணக்கு இல்ல, நம்ம மெட்ராஸ் கணக்கு.

முடிக்கச் சொல்லித் தலைவர் கடிகாரத்தப் பாக்குறார். அரசாங்கத்தோட மனநல உதவி போன் டெலி மானஸ், நம்பர் 14416, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, சீட்டு போடுற இடத்துல "மனநல ஓபி"ன்னு கேட்டாப் போதும். நோயால பாதிப்பு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு சான்று கெடைச்சா மாற்றுத்திறனாளி அட்டையும் வாங்கலாம். கூட்டத்துல எந்திரிச்சுக் கேக்கக் கூச்சமா இருக்கவங்க துண்டுச் சீட்டுல எழுதி நூலகர் அண்ணன்கிட்ட குடுங்க, பேர் போட வேணாம். "எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு"ன்னே ஆரம்பிச்சு எழுதுங்க, எனக்குப் புரியும்.