கதவைக் கையோடு சாத்துங்கள்

வணக்கம், நேயர்களே. கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் கடைநிலை ஆளாக இரவு ஷிஃப்ட் பார்த்ததைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒரு விரல் காட்டினால் ஒரு நிமிடம் பாக்கி. கையை மடக்கினால் பேச்சை முடித்துவிட வேண்டும். எனக்கு இது புதிதில்லை. அடுத்தவர் கையைப் பார்த்து வேலை செய்வதுதான் ரிக்கில் என் பிழைப்பாக இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு தாளில் மூன்று விஷயம் குறித்து எடுத்து வந்திருக்கிறேன். இரவில் என்ன வேலை, பகலில் எப்படித் தூக்கம், வேலை முடிந்து வீடு திரும்பியதும் என்ன பாடு. மூன்றுக்கும் நேரம் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நடுக்கடலில் இரவு என்றதும் கும்மிருட்டைத்தான் நினைப்பீர்கள். ரிக்கில் இருட்டே கிடையாது. நாலா பக்கமும் விளக்கு. ஒரு ஆளுக்கு நாலு நிழல் விழும். வலசை போகிற பறவைகள் வழி தவறி வந்து இந்த வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். அடியில் தண்ணீர் மட்டத்தில் மீன் கூட்டம் சேர்ந்திருக்கும். கிரேனில் தொங்கும் சுமையை அண்ணாந்து பார்த்தால், அதற்குப் பின்னால் இருக்கும் விளக்கு கண்ணில் அடிக்கும். சுமை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரு நொடி தெரியாது. எங்களுக்குத் தொல்லை கொடுத்தது இருட்டைவிட இந்த வெளிச்சம்தான்.

இரவில் நிறுத்திவைத்துக் காலையில் தொடங்கினால் என்ன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. தோண்டிய துளைக்குள் 'மட்' என்று சொல்கிற சேற்றுக் கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். உடைந்த பாறைத் தூளை அது மேலே கொண்டுவரும், துளையின் சுவர் சரியாமல் தன் எடையால் தாங்கிப் பிடிக்கும். அதை நிறுத்தி, குழாயையும் அசையாமல் விட்டுவிட்டால் தூள் கீழே படியும், குழாய் மாட்டிக்கொள்ளும். மாட்டிய குழாயை எடுக்க நாள் கணக்கில் போராட வேண்டும். ஆகவே 12 மணி நேரம் ஒரு குழு, அடுத்த 12 மணி நேரம் இன்னொரு குழு. சில ரிக்குகளில் நள்ளிரவு 12 மணிக்கு ஆள் மாறும். எங்களுக்கு மாலை 6, காலை 6.

கடைநிலை ஆளுக்கு ரவுஸ்டபவுட் என்று பெயர். அவனுக்குத் தனியாக ஒரு வேலை என்று கிடையாது, எல்லாமே அவன் வேலை. தளத்தைக் கழுவுவான். 25 கிலோ மூட்டைகளைத் தூக்கிவந்து பிரித்து மட் கலக்கும் தொட்டியில் கொட்டுவான். பாறைத் தூளைச் சலிக்கிற ஷேக்கர் பக்கம் மண்வெட்டியோடு நிற்பான். குழாய் மரைக்கு மசகு பூசுவான். குழாயின் அடியில் பாறையைக் குடைகிற முனை தேய்ந்துவிட்டால் துளைக்குள் இருக்கும் குழாய் முழுவதையும் வெளியே எடுத்தாக வேண்டும். ஒரு குழாய் சுமார் 9 மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். மூன்று மூன்றாகக் கழற்றி நிறுத்தி வைப்பார்கள். 3000 மீட்டர் ஆழம் என்றால் நூறு தடவைக்கு மேல் அதே வேலை: பிடி, கழற்று, நகர்த்து. பிறகு புது முனையோடு அவ்வளவும் மறுபடி உள்ளே போகும். குழாயைக் கழற்றி மாட்டுகிற அந்த மேடையில் இருப்பவர்கள் எங்களைவிட ஒரு படி மேலே உள்ளவர்கள். அவர்களுக்கு ஆள் போதாதபோது எங்களைக் கூப்பிடுவார்கள். அன்றைக்குப் பெருமையாக இருக்கும், மறுநாள் தோள் வலிக்கும்.

வேலையைப் பற்றி இது போதும். பயிற்சியில் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சொல்லிக் கொடுக்காத ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன். தூக்கம்.

எனக்கு ஐந்தாவது இரவு. கடலுக்கு முதல் தடவை போயிருந்தேன். சரக்குப் படகு வந்து நின்றது. கிரேன் ஒவ்வொரு கட்டாகத் தூக்கி மேலே இறக்குகிறது. சுமை சுழலாமல் இருக்க அதில் ஒரு கயிறு கட்டியிருக்கும், டேக் லைன் என்போம். அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அதில் ஒரே ஒரு கட்டளைதான் பெரிது: கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. சுமை திடீரென்று திரும்பினால் கயிற்றை விட்டுவிட வேண்டும், சுற்றியிருந்தால் விட முடியாது. இதை நான் தலைகீழாகச் சொல்வேன். பயிற்சியில் முழு மதிப்பெண் வாங்கியவன்.

மணி நாலு இருக்கும். இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று தலைமட்டத்துக்கு மேல் வந்துகொண்டிருக்கிறது. பேங்க்ஸ்மேன், அதாவது கிரேன்காரருக்குச் சைகை கொடுக்கிறவர், எதிரே நிற்கிறார். எங்கள் குழுவிலேயே மூத்தவர். அவர் கை சட்டென்று உயர்ந்தது. ரேடியோவில் "நிறுத்து, நிறுத்து" என்கிறார். கிரேன் நின்றது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குனிந்து பார்த்தேன். கயிறு என் உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறது. சுற்றியது நான்தான், வேறு யார் வந்து சுற்றுவார்கள்? ஆனால் எப்போது சுற்றினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண் திறந்துதான் இருந்தது, கால் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆள்தான் இல்லை.

அவர் நடந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து, கயிற்றை ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று பிரித்தார். கையுறையில் கயிற்றுத் தடம் பள்ளமாக இருந்தது. "ஏன்டா சுத்தினே?" என்று கேட்கவில்லை. "தம்பி, பகல்ல எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்றார்.

"ரெண்டு மணி நேரம்ணே."

"ஏன்?"

"கதவுண்ணே" என்றேன்.

சிரிப்பீர்கள். அவர் சிரிக்கவில்லை. இந்தக் கதவைப் பற்றித்தான் நான் எங்கே போனாலும் பேசுவேன், வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இங்கே எழுந்து போக முடியாத நேயர்கள் கிடைத்திருக்கிறீர்கள்.

ரிக்கில் தங்கும் பகுதியின் கதவுகள் தீ பரவாமல் தடுக்கும் கனமான கதவுகள். தானாக மூடிக்கொள்ள மேலே ஸ்பிரிங் இருக்கும். கட்டை கொடுத்துத் திறந்து வைக்கக் கூடாது, இடையில் துணி செருகக் கூடாது. தீப்பிடித்தால் உயிர் காப்பது அந்தக் கதவு. ஆகவே யாராவது உள்ளே போய்க் கைப்பிடியை விட்டுவிட்டால் அது தானே போய் அறையும். இரும்புச் சுவர் முழுக்க அதிரும். பகல் ஆளுக்கு அது கேட்கவே கேட்காது, அவன் விழித்திருக்கிறான் அல்லவா? பகல் 11 மணிக்கு ஒரு கதவு, 11.20-க்கு ஒரு கதவு, சாப்பாட்டு நேரத்தில் வரிசையாகப் பத்துக் கதவு. இதற்கு நடுவில் மேல் தளத்தில் ஒருவர் துரு கொத்தும் இயந்திரத்தைப் போட்டிருப்பார். அது என் தலையணைக்குள்ளே ஓடுவதுபோல இருக்கும்.

பகலில் தூங்குவது ஏற்கெனவே எதிர்நீச்சல். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது உயிரணுக்களுக்குள்ளே எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரப்படி விடியலுக்குச் சற்று முன்பு, நாலு ஐந்து மணி வாக்கில், உடம்புச் சூடு நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் தூக்கக் கடனும் சேர்ந்தால் மூளை இரண்டு மூன்று நொடிக்குத் தானே கடையைச் சாத்திவிடும். கண் மூட வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு நொடியில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றலாம், நான் சுற்றியிருக்கிறேன்.

கடிகாரத்தைத் திருப்ப முடியும். ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நகரும், ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கரையில் இரவு வேலை பார்ப்பவர்களைவிட ரிக்கில் இது சுலபம். காலையில் வீட்டுக்குப் போகிற வழியும் கிடையாது, பகலில் விருந்தாளி வருவதும் கிடையாது. 6 மணிக்கு வேலை முடிந்ததும் விடிகிற சூரியனைப் பார்க்காமல் உள்ளே போய்விட வேண்டும். எங்கள் மூத்தவர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் தளத்தைக் கடப்பார். முதலில் பந்தா என்று நினைத்தேன். கண்ணில் படுகிற காலை வெளிச்சம்தான் கடிகாரத்தைப் பழைய இடத்துக்கு இழுக்கிறது என்று பிறகு புரிந்தது. அவர் இரவு இரண்டு மணிக்கு மேல் காபி தொடமாட்டார். குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

எல்லாம் சரி, ஆனால் கதவு? கறுப்புக் கண்ணாடி என் கையில் இருக்கிறது, காபி என் கையில் இருக்கிறது. கதவு பகல் ஆளின் கையில் இருக்கிறது.

எங்கள் அறையில் இரண்டு படுக்கை. ஒருவன் பகல், ஒருவன் இரவு. 28 நாள் ஒரே அறையில் இருந்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்ததில்லை. ஈரத் துண்டை வைத்து அவன் அப்போதுதான் போனான் என்று தெரியும். அவன் படிக்கிற புத்தகத்தில் அடையாளத் தாள் நகர்ந்திருந்தால் நன்றாக இருக்கிறான் என்று தெரியும். அவ்வளவுதான் பழக்கம். கயிற்றுச் சம்பவத்துக்குப் பிறகு மூத்தவர் அவனிடம் என்ன சொன்னாரோ, மறுநாளிலிருந்து அவன் காலையில் போகும்போதே கையுறை, கண்ணாடி, மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான், நடுவில் வரமாட்டான். ஒரே ஒரு நாள் வந்தான். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். கைப்பிடியை விடாமல், கதவின் எடையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு, தாழ் குழியில் உட்காரும்வரை கூடவே போனான். 'டிக்' என்று மட்டும் கேட்டது. எனக்கு யாரும் செய்த உபகாரங்களில் அதை முதல் வரிசையில் வைப்பேன். கதவைக் கையோடு சாத்த அன்றைக்குக் கற்றேன். இன்றும் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் சாத்துகிறேன், திருடன் மாதிரி இருக்கிறது என்கிறார்கள்.

பகல் ஆள் இரவு ஆளுக்குக் கொடுக்க வேண்டியது தூக்கம் மட்டுமில்லை, செய்தியும்தான். 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற மேடை. பகல் குழு ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தது. வேலை முடியவில்லை, திறப்பை ஒரு தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள். அதற்கான தாள் எழுதப்பட்டது, வைக்கவும் பட்டது. ஆனால் வால்வு இல்லை என்பது இரவில் பொறுப்பேற்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரவு 10 மணிக்குச் சற்று முன் இன்னொரு பம்ப் நின்றுபோக, வால்வு இல்லாத இந்தப் பம்ப்பை ஓட்டினார்கள். தகடு மூடிய இடத்தில் கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். விசாரித்த கல்லன் பிரபு 106 பரிந்துரைகள் எழுதினார். நாங்கள் ஆள் மாறும்போது சொல்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் அது இருக்கிறது. குளிர்ந்த காற்றில் 6 மணிக்கு எல்லோருக்கும் உள்ளே ஓடத்தான் தோன்றும். எங்கள் மூத்தவர் ஓட விடமாட்டார். "எது பாதியில நிக்குது? அதை மட்டும் சொல்லு, முடிஞ்சதைச் சொல்ல வேணாம்" என்பார். பகல் குழு சொல்லி முடித்ததும் அதை அவர்களிடமே திருப்பிச் சொல்லச் சொல்வார் என்னை. கடைநிலை ஆள் நான், மேலதிகாரியிடம் போய் ஒப்பிக்க வேண்டும். வெட்கமாக இருக்கும். அப்படித் திருப்பிச் சொன்னபோது ஒரு தடவை, எந்தக் கொக்கி தேய்ந்தது என்று ஒதுக்கி வைத்தார்களோ அதையே நான் நல்லது என்று புரிந்துகொண்டிருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு வெட்கப்படவில்லை.

தம்பி ஒரு விரல் காட்டுகிறார். மூன்றாவது விஷயத்தை இன்னும் தொடவே இல்லை, தாளில் நாலு குறிப்பு இருக்கிறது. வேகமாகச் சொல்கிறேன். ஒரு வாரம் பாடுபட்டுத் திருப்பிய கடிகாரத்தை ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்தில் வீட்டு நேரத்துக்குக் கொண்டுவந்து போட்டுவிடும். உடம்பு வராது. முதல் நாள் நீங்களே வண்டி ஓட்டாதீர்கள், யாரையாவது வந்து அழைத்துப்போகச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு: நடுராத்திரி அவர் எழுந்து உட்கார்ந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்க வேண்டாம், அவருக்கு அப்போது நண்பகல். பகலில் தூங்கினால் நாலைந்து நாள் விட்டுவிடுங்கள். அந்த அறைக் கதவை... சரி, கையை மடக்கிவிட்டார். வணக்கம்.