திருச்சியில எறங்குனா ஒரு நாள் குகைக்கு

வணக்கம் நேயர்களே. டிசம்பர் லீவு விட்டாச்சுன்னா சிங்கப்பூர்ல இருக்குற நம்மள்ல நெறைய பேரு சாங்கி ஏர்போர்ட்ல ஏறி திருச்சியில எறங்கி, குலதெய்வம் கோயில், சொந்தக்காரங்க கல்யாணம், புடவைக் கடைன்னு ஓடிட்டு திரும்பிடுறோம், நானும் பல வருஷம் அப்படித்தான் போயிட்டு வந்தேன். அம்மா பொறந்தது புதுக்கோட்டையில, அங்கேருந்து பழைய சமணக் குகை இருக்குற சித்தன்னவாசல் மலை 16 கிலோமீட்டர்தான், ஆனா நான் மொத தடவ போனப்ப எனக்கு 40 வயசு தாண்டிருச்சு.

சித்தன்னவாசல்னா ஓவியம்னுதான் எல்லாரும் சொல்வாங்க. நீங்க மொதல்ல மலை ஏறி ஏழடிப்பட்டத்துக்குப் போங்க. அது இயற்கையா அமைஞ்ச குகை, ஒரு பக்கம் ஏறி மறுபக்கச் சரிவுல எறங்கிப் போகணும், அந்தக் காலத்துல பாறையில வெட்டுன குழியில கால வச்சு வச்சுப் போயிருக்காங்க. உள்ள சமணத் துறவிங்களோட 17 கல் படுக்கை, தலகாணி மாதிரி மேடோட வழவழன்னு இருக்கும். அதுல ஒண்ணுல தமிழ் பிராமி எழுத்து, அதாவது தமிழ எழுதுன ரொம்பப் பழைய எழுத்து, சுமார் 2000 வருஷப் பழசு. எருமி நாட்டு குமுழூர்ல பிறந்த காவுடி ஈதனுக்கு சிறுபோசில் இளையர் செஞ்ச இருக்கைன்னு வெட்டியிருக்காங்க. சிங்கப்பூர் தேக்காவுல புது ஆளப் பாத்தா நாம மொதல்ல "எந்த ஊருங்க"ன்னுதானே கேக்குறோம், எங்கயோ பொறந்து இங்க வந்து தங்குன ஒரு மனுசனோட ஊர் பேரு அந்தக் கல்லுல அப்படியே இருக்கு! கீழ கார்ல காத்திருந்த அம்மாகிட்ட வந்து சொன்னேன். ரஜூலா கப்பல்ல சிங்கப்பூர் வந்தவங்க அவங்க, ரொம்ப நேரம் பேசவே இல்ல.

அறிவர் கோயிலுக்கு அம்மாவும் மெதுவா ஏறிட்டாங்க. அது பாறையக் குடைஞ்ச சமணக் கோயில். மேல நிமிந்து பாத்தா ஒரு தாமரைக் குளம், மீனு, வாத்து, யானை, எருமை, நடுவுல பூப் பறிக்கிற ஆளுங்க. தூண்ல ஆடுற பொண்ணு உருவம் மங்கிப் போயிருக்கு, கொஞ்சம் நின்னு பாருங்க, கண்ணு பழகுனதும் அந்தக் கை வளைவு தெரியும். 9ஆம் நூற்றாண்டுல, ஸ்ரீமாற ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்துல, மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலப் புதுப்பிச்சாருன்னு கல்வெட்டு இருக்கு. கருவறைக்குள்ள வாய மூடி ம்ம்ம்னு இழுத்துப் பாருங்க, அந்த அறையே சேந்து முழங்கும்.

நேரம் இருந்தா குடுமியான்மலை, பாட்டு கத்துக்குற பிள்ளைங்க இருந்தா கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, குகைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில ஸ்வரங்களயே வரிசை வரிசையா வெட்டி வச்சிருக்காங்க. நார்த்தாமலையில ஒரு குடைவரைக்குள்ள 12 பெரிய விஷ்ணு சிலை. திருமயத்துல ஒரே பாறையில சிவனும் பெருமாளும்.

வெயில் ஏறுனா பாறை கால சுட்டுடும், மழை பேஞ்சா வழுக்கும், அதனால ஏழடிப்பட்டத்துக்கு வயசானவங்கள கூட்டிட்டுப் போக வேணாம். ஓவியத்துல மட்டும் கை வச்சுடாதீங்க, பிள்ளைங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க, அந்தச் சுண்ணாம்புப் பூச்சு ஏற்கனவே நெறைய உதிர்ந்து போச்சு, மிச்சம் இருக்குறது கொஞ்சந்தான். நன்றி, வணக்கம்.